வலது இறக்கையின் முள்

நவம்பர் 10, திங்கள்

ரோமியோவின் வேலையை நானே நேரில் பார்க்க வேண்டும் என்று பள்ளியை நடத்தும் கேப்டன் மார்த்தாண்டன் சொல்லிவிட்டார். நான் என்ஜினியராக இருக்கும் இந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் விமானங்களை வாலில் எழுதிய கடைசி எழுத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். R என்றால் ரோமியோ, L என்றால் லிமா. இரண்டும் இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானங்கள். ஒரே வகை, ஒரே வயது. லிமா ஹாங்கர் கொட்டகையின் கோடியில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வேலைக் குறிப்பு வேறு நோட்டில் இருக்கிறது. இது என்னுடையது. ஏன் ஆரம்பிக்கிறேன் என்று தெரியவில்லை. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. எதையாவது எழுதினால் கை அசரும், கண் தானாக மூடும் என்று பார்க்கிறேன்.

ரோமியோவின் புகார்: மழைக்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பெட்ரோல் முள்ளும் சரியாகக் காட்டவில்லை. இன்ஸ்ட்ரக்டர் புகார்ப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதிய புகாருக்குத்தான் நாங்கள் பொறுப்பு.

வீட்டில் துணி காய்ந்து நான்கு நாள் ஆகிறது.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் இரண்டு டாங்கையும் வடித்தோம். எனக்கு உதவி இசக்கிமுத்து அண்ணன். ஐம்பத்தைந்து வயது, நான் இங்கே சேர்வதற்கு முன்பிருந்தே மெக்கானிக். இறக்கையின் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு மூடி. ஆறு திருகு. நான்கு எளிதாக வந்தன, இரண்டு துருவேறித் தலை மழுங்கிவிட்டன. துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மூடியைத் தூக்கியதும் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மேடம், குளத்துப் பாசி மாதிரில்லா பிடிச்சிருக்கு.”

ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதன் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, இணைப்புகள் எல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தன. எர்த் வயரைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து வேலை முடிந்து வந்து காப்பி குடிக்கும்போது, “அப்படி என்னத்தைத்தான் ரிப்பேர் பண்ற?” என்று கேட்டார். சொன்னேன். இறக்கைக்குள் டாங்க். டாங்குக்குள் ஒரு மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது மாதிரி. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கும். அதற்கேற்ப மின்சாரம் கூடிக் குறைந்து, விமானிக்கு முன்னால் முள் நகரும்.

“ஈரம் பட்டா முள் வேல செய்யாது, அவ்வளவுதானே?”

“வேல செய்யும். இந்த வகைல துரு ஏற ஏற முள்ளும் மேல ஏறும். இருக்கிறதைவிடக் கூடக் காட்டும்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 12, புதன்

நாள் முழுவதும் மழை. வேலை இல்லை.

நவம்பர் 13, வியாழன்

சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். பெயர் சுதர்சனம். ஒல்லியான மனிதர். ஹாங்கருக்குள் நுழைவதற்கு முன் குடையை மடக்கி, தண்ணீரை வெளியிலேயே உதறிவிட்டு வந்தார்.

லிமாவின் தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். அவர் முன்னால் வலது இறக்கையின் மூடியை நான்தான் திறந்தேன். ரோமியோவில் பார்த்ததேதான். இன்னும் மோசம்.

அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு கேப்டனின் அறையில் வைத்து என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார். விமானத்தை ஓட்டிய மாணவி இந்தக் கோளாறைப் பற்றி முன்கூட்டியே ஏதாவது தெரிவித்தாரா என்று கேட்டார். புகார்ப் புத்தகத்தில் எதுவும் இல்லை என்றேன். அது உண்மை. அவரே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், இல்லை.

அவர் போனதும் கேப்டன் என் தோளைத் தட்டாத குறையாக, “நல்லாப் பேசினீங்க ஜெசிந்தா. சுருக்கமா, பாயிண்டா” என்றார்.

மதியம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே கொண்டுவந்து நாய்க்குப் போட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனோம். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்தபோது நான் பெஞ்சிலேயே இருந்தேன். அவர் வாங்கிவிட்டு வந்து முழந்தாளிட்டார். வெளியே வந்ததும், “ஏன் ஜெசி, ஒடம்புக்கு முடியலையா?” என்றார். நற்கருணைக்கு முன் வெறும் வயிறாக இருக்க வேண்டும்; காலையில் தெரியாமல் காப்பி குடித்துவிட்டேன் என்றேன்.

வஞ்சிரம் கிடைக்கவில்லை. நகரை மீன்தான் வாங்கினோம். காற்று பலமாக இருப்பதால் படகுகள் போகவில்லையாம்.

நவம்பர் 17, திங்கள்

புது மிதவைகள் வந்துவிட்டன. பழையதைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாமா என்று கேப்டன் கேட்டார். முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எர்த் வயர் உட்காரும் இடத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். புது முனை, புது வளையம், மூடியைச் சுற்றிப் பசை. பசை காய இரண்டு நாள் ஆகும். இந்த ஈரத்தில் மூன்றாகும்.

ஒரு மணி நேர வேலைதான் இது, ஒரு பக்கத்துக்கு. திறக்க, பார்க்க, மூட.

நவம்பர் 19, புதன்

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் முபீனாவைப் பார்த்தேன். பசை காய்கிறது, வேறு வேலை இல்லை என்பதால் போனேன்.

எழுதப்போவதில்லை என்று சொன்னேன். ஆனால் இதைச் சொல்லாமல் அடுத்தது புரியாது. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, முபீனா தனியாக லிமாவை எடுத்துக்கொண்டு மதுரைப் பக்கம் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் மழை மேகம். சுற்றி வந்தாள். ஓடுதளத்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்து என்ஜின் நின்றது. உப்பளத்தில் இறக்கினாள். முன்சக்கரம் பாத்தி வரப்பில் மாட்டி விமானம் குப்புறப் புரண்டது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு, தலையில் அடி. இருபத்திரண்டு வயது. காயல்பட்டினத்துப் பெண்.

அசையாமல் படுத்திருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் நான் கட்டிலுக்கு நேராகப் போய் நின்றேன்.

“அக்கா! வாங்க, உக்காருங்க. இல்ல, உக்காந்தா எனக்குத் தெரியாது. நில்லுங்க.” சிரித்தாள்.

அவள் உம்மா ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வாப்பா நூஹு சாகிபு வராந்தாவில் டாக்டருக்காகக் காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் ஹாங்கர் கதை பேசினோம். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? வலது முள்ளு மழைக்கப்புறம் மேலயே நிக்குதுன்னு நான் உங்ககிட்ட சொன்னேன்ல? அப்படித்தான் ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்தேன். உங்களுக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்களாம்.”

அதிகாரியிடம் அப்படியும் சொன்னேன்; 13ஆம் தேதி அதை இங்கே எழுதவில்லை.

“கோவமா கேக்கல அக்கா. தலையில அடிபட்டா நடக்காததும் நடந்த மாதிரி இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. வாப்பாவும் அதான் சொல்றாங்க, விட்டுரும்மான்னு. எனக்கு எல்லாம் கண்ணுல நிக்குது. நீங்க மஞ்சத் துணியில கையத் தொடச்சுக்கிட்டு இருந்தீங்க. அதுகூடவா நானா நெனச்சுக்கிட்டது? அப்ப வேற எதெல்லாம் இப்படின்னு பயமா இருக்கு அக்கா. தூங்கி முழிச்சா, என் பேரைச் சொல்லிப் பாத்துக்கிறேன்.”

நர்ஸ் ஊசி போட வந்தாள். வெளியே நிற்கச் சொன்னாள். நான் வெளியே வந்து, அப்படியே படியிறங்கி, பஸ் ஏறிவிட்டேன். கைப்பையில் அவள் உம்மா கொடுத்த ஆரஞ்சு இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

மஞ்சள் துணிதான்.

நவம்பர் 22, சனி

ரோமியோவை அளந்தோம். காலி டாங்கில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், நின்றது. பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்தோம். நான் உள்ளே உட்கார்ந்து சொல்ல, இசக்கிமுத்து அண்ணன் ஏணிமேல் நின்று ஊற்றினார். இடதும் வலதும் சரி. இத்தனை நாளில் இன்றுதான் ஒரு வேலையை முழுசாக முடித்த மாதிரி இருந்தது.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேடம், அந்த ஆபீசர் எனக்கும் போன் போட்டாவ. அந்தப் புள்ள மேடத்துக்கிட்ட எதுவும் சொல்லுச்சா, கேட்டியளான்னாவ.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நா ஒண்ணும் கேக்கலன்னுட்டேன்.”

முபீனா வந்து சொன்ன அன்றைக்கு அவர் லிமாவின் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் நான்கடி தூரம்.

“ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“பின்ன? மேடம் ஒண்ணு சொல்ல, நா ஒண்ணு சொல்லவா? பதினாலு வருசமா ஒண்ணா வேல செய்யுதோம்.” அவர் என் கண்ணைப் பார்க்காமல் வாளியை எடுத்தார். “அந்தப் புள்ள மொகத்ததான் மறக்க முடியல. போறதுக்கு முன்னாடி எனக்கும் டாட்டா காட்டுச்சு.”

என் பொய்க்கு இப்போது அவரும் கூட்டு. நான் கேட்காமலே தன் பொய்யையும் சேர்த்துவிட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அவர் மட்டும் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

அக்டோபர் மாதம் முதல் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. பறப்பு நின்றுபோய், மாணவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். கேப்டன் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஹாங்கருக்கு வந்து, “எத்தனை ப்ளேன் ரெடி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

15ஆம் தேதி புதன்கிழமை முபீனா லிமாவில் அரை மணி நேரம் பறந்துவிட்டு இறங்கினாள். கையில் புகார்ப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். “அக்கா, வலது முள்ளு இறங்கவே மாட்டேங்குது. டிப் குச்சி விட்டு அளந்தா முப்பது லிட்டர், முள்ளு நாப்பதுக்கு மேல காட்டுது. எழுதட்டா?”

எழுதினால் விமானத்தை நிறுத்த வேண்டும். மூடியைத் திறக்க வேண்டும், மிதவை சென்னையிலிருந்து வர வேண்டும், ஒரு வாரம் போய்விடும். கேப்டனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

“எழுதாத. ஈரம்தான், காய்ஞ்சா சரியாயிரும். நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள். என் பேச்சைக் கேட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

வியாழக்கிழமை மூடியைத் திறக்கவில்லை. இறக்கை விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தில் வெளியே தெரியும் இணைப்பைக் கழற்றி, துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினேன். முள் கீழே இறங்கியது. அப்போதைக்கு இறங்கியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதையும் எங்கும் எழுதவில்லை. புகாரே இல்லாதபோது வேலையை எப்படி எழுதுவது?

வெள்ளிக்கிழமை விமானம் விழுந்த செய்தி வந்தபோது நான் முதலில் ஓடியது உப்பளத்துக்கு இல்லை. புகார்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

அவள் பேரில் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரத்தைக் கணக்குப் போட்டிருந்தால், மதுரையில் இறங்கிப் பெட்ரோல் போட்டிருக்கலாம். அதைத்தான் விசாரணை அறிக்கையிலும் எழுதப்போகிறார்கள். இடது முள் காலியைத் தொட்டபோதும் வலது முள் கால் டாங்க் இருப்பதாகக் காட்டியது. அவள் அதை நம்பினாள். ஏன் நம்பினாள் என்பதற்கு

அவர் கதவைத் திறக்கிறார்.

நவம்பர் 24, திங்கள்

காலை பத்து மணிக்கு, நடந்ததை எல்லாம் எழுதிய கடிதத்தைக் கேப்டனின் மேசையில் வைத்தேன். ஒரு பிரதியை அதிகாரி சுதர்சனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன். இல்லாவிட்டால் கேப்டன் பேச்சில் மனம் மாறிவிடுவேன் என்று பயம்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “என்ன இது? யாராவது கேட்டாங்களா உங்களை?”

“அதிகாரி கேட்டார் சார். நான்தான் சொல்லலை.”

“விசாரணை முடியப்போகுது. இதைக் குடுத்தா உங்க லைசென்ஸ் போயிரும். ஸ்கூல் பேரும் போகும். அந்தப் பொண்ணுக்கு முதுகு சரியாயிடுமா இதனால?”

“முதுகு சரியாகாது சார்.”

“அப்புறம்?”

“அவ தன்னையே நம்பாம கிடக்கிறா சார்” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இசக்கிமுத்து அண்ணனிடம் சொன்னேன், அவரும் கேட்டதைக் கேட்டபடி சொல்லலாம் என்று. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு மணிக்குப் பாளையங்கோட்டை. நல்லவேளை, அறையில் அவள் மட்டும் இருந்தாள். நேராகக் கட்டிலுக்கு எதிரே போய் நின்றேன்.

“முபீனா, நீ என்கிட்ட சொன்னே. புதன்கிழமை. புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு வந்தே. நான்தான் எழுத வேண்டாம்னேன். நீ நெனச்சுக்கிட்டது இல்ல.”

அவள் கண் மேற்கூரையிலேயே இருந்தது.

“வெள்ளிக்கிழமை?” என்றாள்.

அதை நேற்று எழுதவில்லை. கதவு சத்தம் கேட்டதால் என்று சொல்லிக்கொண்டேன். கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருந்தேன். வாயால் சொல்வது வேறு.

“வெள்ளிக்கிழமை காலையில நீ ப்ளேன்ல ஏறுறதுக்கு முன்னாடி, ‘அக்கா, வலது முள்ளைப் பாத்துட்டீங்களா?’ன்னு கேட்டே. நான் ‘பாத்துட்டேன், போ’ன்னேன். பாக்கல முபீனா. தொறந்து பாக்கல.”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். “வாப்பா!” என்று கத்தினாள். “வாப்பா, இங்க வாங்க!” நூஹு சாகிபு வராந்தாவிலிருந்து பதறி ஓடி வந்தார். பின்னால் உம்மா.

“சொல்லுங்க” என்றாள் என்னிடம். “வாப்பாகிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். முதலிலிருந்து. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். டாக்டர் உள்ளே வந்தார்; அவரிடமும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையில் அடிபட்டதால் வந்த குழப்பம் என்று சொன்னது அவர்தான். அவர் படுக்கை முனையில் தொங்கிய சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு” என்றாள் முபீனா. அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் நன்றாக ஏறியிருந்தது. “ஒண்ணுகூட மாறல. பாத்தீங்களா வாப்பா? ஒண்ணுகூட மாறல.”

பிறகு என்னிடம், “நீங்க போங்க” என்றாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “போங்க மேடம்” என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் கொடுத்த பரிகாரம் மூன்று ஜெபமாலை. எனக்குக் குறைவாகப் பட்டது. அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் அவரிடமும் எல்லாம் சொல்லியிருந்தேன். நேற்று, “மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றார். கோபத்தில் இல்லை, வருத்தத்தில். இரண்டு பேரும் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கினோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

லைசென்ஸை நிறுத்தி வைத்து உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை; அதன் பிறகு எவ்வளவு காலம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்தும் போகச் சொல்லிவிட்டார்கள். விசாரணையை மறுபடி தொடங்குகிறார்கள். இசக்கிமுத்து அண்ணன் தன் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டாராம். அவரை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அவரிடம் கேட்டேன். “நா பாத்துக்கிடுதேன் மேடம், நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் நூஹு சாகிபு போன் செய்தார். நான்தான் எடுத்தேன். சலாம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

“நாளைக்கு அந்த ஆபீசர் ஆஸ்பத்திரிக்கு வர்றாரு. மக மறுபடி வாக்குமூலம் குடுக்கணும். நீங்களும் இருக்கணும்னு சொல்றா.”

“கண்டிப்பா வர்றேன் பாய். அவளுக்குத் துணையா...”

“துணைக்கு இல்லம்மா.” “நீங்க முன்னால நின்னா, நீங்களும் மாத்திப் பேச முடியாது, வேற யாரும் உங்கள மாத்திப் பேச வைக்க முடியாதுன்னு சொல்றா. எனக்கும் அது சரின்னுதான் படுது. தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பா எடுத்துக்கல.”

“பத்தரைக்கு.”

“ஒன்பதே முக்காலுக்கே வந்துடுறேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். எட்டே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதில் போனால் சரியாக இருக்கும். ஒருவேளை அது வராமல் போனால் என்று, ஏழே முக்கால் பஸ்ஸுக்கே கிளம்பலாம் என்று இருக்கிறேன்.